எல்லாப் பழியும் பிராஸ்டேட் மேலேயேவா?

அறுபது தாண்டிய ஆண் ஒருவர் ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போகிறார் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். பிராஸ்டேட். டாக்டர் சொல்வதற்கு முன்பே மனைவி சொல்லிவிடுவார். மனைவி சொல்வதற்கு முன்பே பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சொல்லிவிடுவார். எங்கள் பேட்டைப் பூங்காவில் காலை நடைக்கு வருகிற இருபது பேரில் ஏழெட்டுப் பேர் "எனக்கு பிராஸ்டேட் சார்" என்றுதான் சொல்கிறார்கள், ஏதோ அதுவே ஒரு வியாதியின் பெயர் மாதிரி. அது எல்லா ஆண்களுக்கும் பிறவியிலேயே இருக்கிற ஒரு சுரப்பி. "எனக்கு மூக்கு சார்" என்று யாராவது சொல்வார்களா?

வேடிக்கை அதோடு நின்றால் பரவாயில்லை. மாத்திரை அட்டையும் கைமாறுகிறது. "எனக்கு இது நல்லா கேட்டுது, நீங்களும் பத்து நாள் போட்டுப் பாருங்க சார்" என்று நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார் ஒருவர். வாங்கிக்கொள்கிறவருக்கு சுகரா, பி.பி.யா, முதுகுத்தண்டில் கோளாறா, ஒன்றும் தெரியாது. இது சரியில்லை என்று நான் அங்கேயே சொல்லிப் பார்த்தேன். "நீங்க குடிநீர் வாரியத்துல இருந்தவர், உங்களுக்கு என்ன தெரியும்" என்றார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லைதான். மருத்துவ விஷயத்தை எல்லாம் டாக்டரான என் தங்கை மகளிடம் படித்துக் காட்டி, அவள் அடித்ததை அடித்து, திருத்தியதைத் திருத்தித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் 34 வருஷம் குழாயோடு குடித்தனம் நடத்தியவன். தெருக்குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது என்று புகார் வந்தால் நேரே போய் வால்வைக் கழற்றுகிற ஃபிட்டரை நான் வேலைக்கு வைத்துக்கொண்டதில்லை. தொட்டியில் மட்டம் எவ்வளவு, மோட்டார் இழுக்கிறதா, நடுவில் எங்கேயாவது கசிவா, மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது, இதெல்லாம் கேட்ட பிறகுதான் வால்வு. உடம்புக்கும் அதே நியாயம்தான் என்பது என் கட்சி.

பிராஸ்டேட் என்பது சிறுநீர்ப் பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வாலிபத்தில் சுமார் 20 கிராம் எடை. நாற்பது வயதுக்கு மேல் மெல்ல மெல்லப் பெருக்கிறது; எண்பது வயதில் பெரும்பாலான ஆண்களுக்குப் பெருத்துத்தான் இருக்கும். நரைத்த தலை மாதிரி. அதனால்தான் 'மாஸ்டர் செக்கப்' எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு கிழவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் 'மைல்டு பிராஸ்டேட்டோமெகாலி' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்ததும் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஆனால் பெருத்த அளவுக்கும் படுகிற அவஸ்தைக்கும் நேர் சம்பந்தம் கிடையாது. 80 கிராம் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்குகிறவரும் உண்டு, 25 கிராமில் திண்டாடுகிறவரும் உண்டு.

ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் இருந்தார்கள். வயதான ஆணுக்கு வருகிற எல்லாச் சிறுநீர்த் தொல்லைக்கும் 'பிராஸ்டேட்டிசம்' என்று ஒரே பெயர். 1994-ல் இங்கிலாந்தின் பால் ஆப்ரம்ஸ் என்கிற மருத்துவர், அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள், பிராஸ்டேட்தான் காரணம் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது, 'கீழ்ச் சிறுநீர்ப் பாதை அறிகுறிகள்' என்று பொதுவாகச் சொல்லுங்கள் என்று எழுதினார். இன்றைக்கு மருத்துவ உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். அதற்கு ஒரு வருஷம் முன்பு அமெரிக்காவில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிராஸ்டேட் தொல்லையை அளப்பதற்கென்றே 7 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு, 35 மதிப்பெண். யூராலஜி டாக்டரிடம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே தாளை 55 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களுக்கும் கொடுத்தார்கள், பெண்களுக்கும் கொடுத்தார்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வாங்கினார்கள். பெண்களுக்கு ஏது பிராஸ்டேட்? இதை நான் பூங்காவில் சொன்னபோது ஹெட்மாஸ்டர் பத்து நிமிஷம் பேசவில்லை.

சரி, பிராஸ்டேட் இல்லையென்றால் வேறு என்ன? எனக்குத் தெரிந்தவர்களையே சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர், 71 வயது. ராத்திரி 4 தடவை எழுந்திருப்பார். ஸ்கேனில் 34 கிராம். இரண்டு வருஷம் டாம்சுலோசின் சாப்பிட்டார், ஒரு தடவைகூடக் குறையவில்லை. ஆபரேஷனுக்குப் பணம் புரட்டுகிற யோசனையில் இருந்தார். மகன் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் ஸ்கேனைத் தள்ளி வைத்துவிட்டு, "மூணு நாள் எவ்வளவு போகிறீர்கள் என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். பகல் முழுக்க 800 மி.லி. ராத்திரி 4 தடவையும், விடிந்ததும் போனதும் சேர்த்து 1,400. வயதானவர்களுக்கு ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் வந்தால் அது தனிக் கணக்கு என்கிறார்கள்; இவருக்கு மூன்றில் இரண்டு பங்கு. தடவைக்கு 280 மி.லி. வருகிறது. பை நன்றாக நிரம்பி, நன்றாகவே காலியாகிறது. ராத்திரியில் உற்பத்தி அதிகம், அவ்வளவுதான். தொட்டி வழிந்தால் வால்வை என்ன செய்ய முடியும்?

எங்கிருந்து வருகிறது அவ்வளவு நீர்? காலில் இருந்து. அவர் சாப்பிட்ட பி.பி. மாத்திரை அம்லோடிபின், அது சிலருக்குக் கணுக்காலில் நீர் கோக்க வைக்கும். போதாததற்கு நாள் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு டி.வி. சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழும். படுத்ததும் அந்த நீரெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வடித்து அனுப்புகிறது. கால் வீக்கத்துக்கு இதயம் காரணமாக இருக்கலாம் என்று முதலில் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, பி.பி. மாத்திரையை மாற்றினார் டாக்டர். மத்தியானம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கச் சொன்னார். இப்போது ஒரு தடவை, சில நாள் இரண்டு. ஆபரேஷன் பணம் பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்குப் போனது.

உப்பு விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். ஜப்பானில் நாகசாகியில் ராத்திரி எழுந்திருக்கும் தொல்லை உள்ளவர்களை உப்பைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நாளுக்கு 10.7 கிராமில் இருந்து 8 கிராமாகக் குறைத்தவர்களுக்கு, ராத்திரி சராசரி 2.3 தடவையாக இருந்தது 1.4 ஆகக் குறைந்தது. நம் வீட்டு மோர்மிளகாய்க்கும் வடுமாங்காய்க்கும் இதில் பங்கு உண்டு. (என் மனைவி இந்த வரியைப் படித்துவிட்டு ஜாடியை மேல் தட்டில் ஏற்றிவிட்டாள். அது வேறு கதை.)

குறட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டு வரும் வியாதி இருக்கிறதே, அதில் இதயத்தின் மேலறை இழுபட்டு, சிறுநீரை அதிகப்படுத்தும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கிறது. குறட்டைக்கு வைத்தியம் செய்தால் பாத்ரூம் நடையும் குறையும்.

அடுத்து சுகர். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழிய ஆரம்பிக்கும், தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இரண்டு. ஒன்று, புதிதாக வந்திருக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதுதான். அதை ஆரம்பித்த பிறகு கூடுதலாகப் போகிறது என்றால் ஆச்சரியம் இல்லை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை அது, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். இருபது இருபத்தைந்து வருஷம் சுகர் இருந்தவர்களுக்குப் பையின் நரம்பு மரத்துப் போகலாம். நிரம்பியது தெரியாது. பை விரிந்து விரிந்து, சுருங்கும் பலத்தை இழந்துவிடும். அப்போது தாரை சன்னமாக வரும், முக்க வேண்டியிருக்கும், போன பிறகும் மிச்சம் இருக்கும். அச்சு அசல் பிராஸ்டேட் மாதிரியே. ஆனால் குழாயில் அடைப்பு இல்லை, மோட்டாருக்கு இழுவை இல்லை. குழாயைச் சீவி என்ன பயன்? தாரையின் வேகத்தை அளக்கும் சோதனையிலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தனியாக அளந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். ரொம்ப நாள் சுகர் இருந்து, ஆபரேஷன் என்று சொல்லப்பட்டவர்கள், "பையின் பலத்தைப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பே இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதய ஆபரேஷனின்போது போட்ட சிறுநீர் ட்யூப், பல மாதம் கழித்துக் குழாயில் தழும்பாகி வழியைக் குறுக்கலாம். என் சகலை ஒருவருக்கு அதுதான். பக்கவாதம், பார்க்கின்சன், முதுகுத்தண்டு அழுத்தம் இவற்றில் பை சொன்ன பேச்சு கேட்காது; சாவியைப் பூட்டில் போடும்போதே அவசரம் முட்டும். மலச்சிக்கல் பையை நெருக்கும். கல் இருந்தால் தாரை நடுவில் பட்டென்று நிற்கும். கிருமித் தொற்றில் எரிச்சலும் குளிர் காய்ச்சலும் வரும். சிறுநீரில் சீழ் செல்கள் இருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் நம் நாட்டில் காசநோயையும் நினைக்க வேண்டும், அது நுரையீரலோடு நிற்கிற நோய் இல்லை. காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், நடந்து வந்து ஃபில்டர் காபி, பேப்பர் படிக்கும்போது இன்னொரு காபி; பிறகு "ஒன்பது மணிக்குள்ள அஞ்சு தடவை போறேன் சார்" என்றால், போகாமல் என்ன செய்யும்?

சளி மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். போன மாசியில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த பெரியவர், ஜலதோஷம் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி ஒரே நாளில் மூன்று போட்டுக்கொண்டார். ராத்திரி சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. மாப்பிள்ளை அழைப்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ட்யூப் போட்டார்கள். அந்த மாத்திரைகளில் இருக்கும் ஃபெனைலெஃப்ரின் பையின் வாய்த் தசையை இறுக்கும்; க்ளோர்ஃபெனிரமின் பையைச் சுருங்க விடாது. ஏற்கெனவே கொஞ்சம் அடைப்பு இருக்கிறவருக்கு இரண்டும் சேர்ந்தால் போதும்.

இடுப்பு வலியோடு தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போய், கால் பலமிழந்து, சிறுநீரும் தடைப்பட்டால் நாள் நட்சத்திரம் பார்க்காதீர்கள். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரி. நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடிப் பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்பு சித்திரை வெயிலில் ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "சூடு" என்றார்கள் வீட்டில். இளநீர், பார்லிக் கஞ்சி, எண்ணெய்க் குளியல். இரண்டு நாளில் நின்றுவிட்டது. நாலு மாதம் கழித்து மறுபடி. "பிராஸ்டேட் வீங்கினா அப்படித்தாங்க வரும்" என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். மறுபடி இளநீர், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை ரத்தம் கட்டி கட்டியாக வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார். உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் பையில் புற்று. தசை வரைக்கும் இறங்கிவிட்டது. பையையே எடுத்துவிட்டார்கள். முதல் தடவையே வந்திருந்தால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்த் துளை வழியாகவே சுரண்டி எடுத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று டாக்டர் சொன்னாராம். இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். வயிற்றில் பை மாட்டியிருக்கிறார். நடைக்கு வருவதில்லை, நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூச்சம்.

இதில் இளநீரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ரத்தம் தானாகவே வரும், தானாகவே நிற்கும். அந்த நோயின் குணமே அது. நிற்கிற நேரத்தில் யார் கையில் இளநீர் இருக்கிறதோ அவருக்குப் பேர். பிராஸ்டேட் பெருத்தாலும் ரத்தம் வரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதை மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் சொல்ல வேண்டும், நடைபாதையில் நின்றுகொண்டு முதலில் சொல்லக் கூடாது. பீட்ரூட் சாப்பிடாமல், டி.பி. மாத்திரை சாப்பிடாமல், ஒரே ஒரு தடவை சிவப்பாகப் போனாலும் காட்ட வேண்டும். பை புற்றில் சரிபாதிக்குக் காரணம் புகைதான் என்கிறார்கள். சாயத் தொழிலும் ஒரு காரணம். 1895-லேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்கிற சர்ஜன் சாய ஆலைத் தொழிலாளிகளிடம் இதைக் கண்டு சொன்னார்.

"பிராஸ்டேட்தானே ரொம்பப் பேருக்கு வருது, முதல்ல அதுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தா என்ன?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டர் கொடுத்துப் பார்க்கட்டும். சிறுநீர்ச் சோதனை, சுகர், கிரியேட்டினின் பார்த்து, கையால் பரிசோதித்துவிட்டுக் கொடுக்கட்டும். அது பலருக்கு நன்றாகக் கேட்கிறது, உண்மையான அடைப்புக்கு ஆபரேஷனும் அருமையாகப் பலன் தருகிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் கேட்கவில்லை என்றால் "டோஸைக் கூட்டலாமா" என்று மட்டும் கேட்காமல், "இது வேறு ஏதாவதா" என்றும் கேளுங்கள். ஐந்து நிமிஷத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் புரட்டிவிட்டு எழுதிக் கொடுக்கிற டாக்டர்களையும் நான் விட்டுவிடவில்லை. ஆபரேஷன் செய்தும் ராத்திரி எழுந்திருப்பது மட்டும் குறையவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். யாரும் அவர்களை ராத்திரி எவ்வளவு போகிறது என்று அளக்கச் சொல்லவில்லை.

அளப்பது சுலபம். ஒரு பழைய பிளாஸ்டிக் மக்கில், குழந்தைப் பால் பாட்டிலால் தண்ணீர் அளந்து ஊற்றி, 100, 200, 300 என்று மார்க்கரால் கோடு போடுங்கள். மூன்று நாள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள். அவ்வளவுதான். ஸ்கேனுக்குப் போகும்போது இன்னொன்று: லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து, முறை வரும்வரை இரண்டு மணி நேரம் அடக்கி, பை வெடிக்கிற நிலையில் படுக்காதீர்கள். அப்படிப் போய்விட்டு வந்தால் நல்ல பையிலும் மிச்சம் நிற்கும். 'போன பிறகு மிச்சம் 120' என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அளவோடு முட்டும்போதே சொல்லி, உள்ளே போய்விடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் கேட்டு வாங்கியது, சித்த மருந்து, மச்சினர் கொடுத்தது எல்லாம்.

இரவல் மாத்திரை வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. டாம்சுலோசின் வகையைப் போட்டுக்கொண்டு சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். ராத்திரி பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு போனால் என்ன ஆகும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த மாத்திரை கண்ணின் கருவிழித் திரையைத் தளர்த்திவிடும். கண்புரை ஆபரேஷனில் அந்தத் திரை தொளதொளவென்று ஆடி டாக்டரின் வேலையைக் கெடுக்கும். 2005-ல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். முன்கூட்டித் தெரிந்தால் கண் டாக்டர் அதற்குத் தகுந்த ஏற்பாட்டோடு செய்வார். நிறுத்திவிட்டாலும் அந்தப் பாதிப்பு இருக்கக்கூடும் என்பதால், எப்போதோ சாப்பிட்டிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பூங்காவில் வாங்கிப் போட்ட நாலு மாத்திரையாக இருந்தாலும்.